அண்ணன் அணைந்த மாடு

கார்ல்ஸ்ரூஹே
11 மார்ச் 2025

ஃப்ளோரன்ஸ் மேடம் அவர்களுக்கு,

காது கேட்காது, போனில் பேச மாட்டேன், எல்லாம் தபாலில்தான் என்று மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த அன்றே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதனால் சண்டையையும் தபாலில்தான் போட வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை கண்காட்சியைத் திறந்தார்கள். 'நவீன ஓவியத்தில் காளைச்சண்டை' என்று பெயர். நாற்பத்திரண்டு படம். நாற்பத்தொன்றில் வாளோ சிவப்புத் துணியோ குடல் சரிந்த குதிரையோ இருக்கிறது. என்னுடையதில் மட்டும்தான் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதன் பக்கத்தில் புடவை கட்டிக்கொண்டு, கையில் ஜூஸ் டம்ளரோடு நின்றிருந்தேன். நரைத்த தலையோடு ஒரு ஜெர்மன் அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்து 'மைன் பைலைட்' என்றார். துக்க வீட்டில் சொல்லும் வார்த்தை அது. ஆள் மாறி வந்து சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்து ஒருவர் வந்து தலையைக் குனிந்துவிட்டுப் போனார். மூன்றாவதாகக் கண்காட்சியை நடத்தும் பீலிக்ஸே வந்து, "உன் இழப்பைப் பற்றி நீ சொல்லவே இல்லையே" என்றார். என்ன இழப்பு என்று கேட்லாக்கைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் என் தலையில் கல் விழுந்தது.

நான் எழுதிக் கொடுத்த தலைப்பு, அண்ணன் அணைந்த மாடு. ஜெர்மனில் நீங்கள் போட்டிருக்கும் வார்த்தை 'எர்லோஷ்'. விளக்கு அணைந்தது, நெருப்பு அணைந்தது என்பதற்கு ஜெர்மன்காரர்கள் சொல்வது. என் அண்ணன் எந்த மாட்டால் அணைந்து போனானோ அந்த மாடு என்று சுவரில் ஒட்டி, அறுநூறு புத்தகத்தில் அச்சும் போட்டாகிவிட்டது.

மேடம், எங்கள் திருப்பத்தூர்ப் பக்கம் மஞ்சுவிரட்டில் மாடு பிடிப்பதை அணைவது என்போம். கொம்பைத் தொடக் கூடாது, வாலை இழுக்கக் கூடாது. திமிலைக் கட்டிக்கொண்டு மாட்டோடு மாடாக ஓட வேண்டும். "சேகரு நல்லா அணைஞ்சான்ல" என்று ஊரே பேசும். கட்டிக்கொள்வதுதான் அது. சாவு இல்லை. நாற்பத்தொரு படத்துக்கு நடுவில் நான் சொல்ல வந்ததே அந்த ஒன்றைத்தான். அதையே நீங்கள் கொன்றுவிட்டீர்கள்.

என் அண்ணன் சந்திரசேகரன் உயிரோடு இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசினான். தப்பு உங்களுடையது என்று பீலிக்ஸுக்கு எழுதிக் கொடுங்கள். சுவரில் இருப்பதை உடனே மாற்ற வேண்டும். ஆபீஸில் எல்லாமே இங்கிலீஷ், என் ஜெர்மன் காய்கறி வாங்கத்தான் காணும் என்பதால்தானே உங்களிடம் வந்தேன். ஸ்டுட்கார்ட்டில் முப்பது வருட அனுபவம் என்று நம்பி வந்தேன்.

பத்மா


ஸ்டுட்கார்ட்
17 மார்ச் 2025

அன்புள்ள பத்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலாவது, என் பெயர் பிளோறன்ஸ். கொய்யாத்தோட்டத்தில் ஞானஸ்நானம் தந்த சாமியார் அப்படித்தான் எழுதினார். அறுபத்தொரு வருடமாக அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாவது, உங்கள் அண்ணன் உயிரோடு இருப்பவர் என்றால், அவரைச் செத்தவராக்கியதற்கு நான் மனதார மன்னிப்புக் கேட்கிறேன். இது சும்மா மரியாதைக்கு எழுதுகிற வசனம் அல்ல. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் என்னிடம் இருந்த தாளில் என்ன இருந்தது என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். கட்டிப்பிடித்தால் அணைத்த. அதற்கு இரண்டு த். நீங்கள் எழுதியது அணைந்த, ந் போட்டு. எங்கள் பக்கம் விளக்கை அணைப்பதில்லை, நூர்ப்பதுதான். "லைற்றை நூர்த்துப்போட்டுப் படுங்கோ" என்றுதான் சொல்வோம். அதனால் உங்கள் அணைந்த என்பதைப் பேச்சுச் சொல்லாக நான் நினைக்கவே இல்லை. ஓவியர், இலக்கியத் தமிழில் எழுதுகிறா என்று எடுத்துக்கொண்டேன். மாட்டைக் கட்டிப்பிடிக்கிற ஒரு ஊர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. எங்களிடம் மாட்டுவண்டிச் சவாரிதான் இருந்தது.

சரி, அதை என் பிழை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதே தாளின் கடைசி வரியில் நீங்கள் எழுதியது இது: 'அந்த மாட்டுக்குப் பிறகு அண்ணன் எந்த மாட்டையும் தொடவில்லை.' இதை வாசிக்கிற ஆள் வேறு என்னத்தை நினைப்பது?

பீலிக்ஸுக்குத் திருத்தக் கடிதம் எழுதுவேன். அது என் முத்திரை குத்தின கடிதம், சும்மா எழுத ஏலாது. உங்கள் அண்ணன் இப்போது என்ன செய்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கோ. போதும்.

பிளோறன்ஸ்
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்


கார்ல்ஸ்ரூஹே
24 மார்ச் 2025

பிளோறன்ஸ் மேடம்,

பெயரைத் திருத்திக்கொண்டேன். உங்களை அக்கா என்று கூப்பிட இன்னும் கோபம் தீரவில்லை.

அண்ணன் என்ன செய்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இருக்கிறான். கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணிக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டான், இனிமேல் மஞ்சுவிரட்டுப் பொட்டலுக்குப் போவதில்லை என்று. அதைத்தான் எழுதினேன். ஒரு தலைப்பைத் திருத்த இவ்வளவு விசாரணையா?

இங்கே தினமும் கூட்டம் வருகிறதாம். பீலிக்ஸ் சொல்கிறார், என் படத்துக்கு முன்னால்தான் ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்களாம். பின்னே, செத்தவனின் படம் என்றால் நிற்கத்தானே செய்வார்கள். போன வாரம் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. ஒரு பெண், "இந்த மாட்டை எப்போது கொல்வார்கள்?" என்று கேட்டாள். கொல்ல மாட்டார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டிப் பருத்திக்கொட்டை போடுவார்கள் என்றேன். அப்படியென்றால் யார்தான் ஜெயிப்பது என்றாள்.  

இந்தப் படத்துக்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. மாடு வந்துவிடும். மாட்டை நான் கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். திமிலைக் கட்டும்போது மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் வரவே இல்லை. நெட்டில் கிடைக்கிற போட்டோவில் எல்லாம் முதுகுதான் தெரியும். பொம்பளைப் பிள்ளைகள் பொட்டலுக்குள் போக முடியாது, மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தூசிதான். கடைசியில் நான் கேட்டுத்தான் பக்கத்திலிருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார்கள். அதில்தான் அண்ணன் முகம் கிடைத்தது. அதற்குப் பிறகும் வரைந்து முடிக்க வருடக்கணக்கில் ஆனது. ஒரு வார்த்தையில் நீங்கள் எதைக் கெடுத்தீர்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தயவுசெய்து இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

பத்மா


ஸ்டுட்கார்ட்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள பத்மாவுக்கு,

பீலிக்ஸுக்கு எழுதிவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது. பிழை முழுவதும் என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். 'என் அண்ணன் கட்டியணைத்த மாடு' என்று சுவரில் மாற்றுவார்கள். புத்தகத்துக்குள் ஒரு துண்டுத்தாள் வைப்பார்கள். உங்கள் அலுவல் முடிந்தது. இனி நான் எழுதுவது வேலைக் கடிதம் அல்ல, விருப்பம் இல்லையென்றால் கிழித்துப் போடுங்கோ.

ந், த் என்று உங்களுக்குப் பாடம் எடுத்தேன். அது முழு உண்மை இல்லை. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் எழுதினவரிடம் கேட்க வேண்டும், அது எங்கள் தொழிலில் அரிவரிப் பாடம். நான் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. அண்ணன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் கை தானாக எழுதிவிட்டது.

எனக்கும் ஒரு அண்ணன். ஞானப்பிரகாசம் என்று பெயர். 1990 ஆவணியில் கொழும்புக்கு என்று வீட்டிலிருந்து வெளிக்கிட்டவர். வவுனியா வரைக்கும் கண்ட ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு இல்லை. நான் அப்போது இங்கே வந்து நாலு வருடம். ஊரில் தங்கச்சி இப்போது ஒரு படிவம் அனுப்பியிருக்கிறாள். அண்ணை இறந்தவர் என்று கூடப்பிறந்த எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் படிவத்தை மற்றச் சனத்துக்காக எத்தனையோ தரம் மொழிபெயர்த்திருக்கிறேன். என்னுடையது ஒரு வருடமாக மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. உங்கள் தலைப்பில் விட்ட பிழை என் தமிழால் வந்ததில்லை, என் வீட்டால் வந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டது சரியில்லை.

இன்னொன்று. நான் முப்பது வருடம் அகதி விசாரணைகளில் இருந்தவள். ஆட்கள் ஒரு விஷயத்தைச் சொல்லவும் ஏலாமல், சொல்லாமல் இருக்கவும் ஏலாமல், வேறு ஏதோ கதைக்குள் அதைச் செருகிவிட்டு ஓடுவதைக் கண்டிருக்கிறேன். உங்கள் அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு பொட்டலுக்குப் போவதில்லை என்று சத்தியம் செய்தவர். நீங்கள் கேட்டதால் வீடியோ வந்தது. இந்த இரண்டு வரியும் உங்களின் ஒரே கடிதத்தில் இருக்கிறது. கேட்க வேண்டியது என் வேலை இல்லை. நான் கேட்கவில்லை.

பிளோறன்ஸ்


கார்ல்ஸ்ரூஹே
21 ஏப்ரல் 2025

பிளோறன்ஸ் அக்கா,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். இரண்டு வாரம் அடுப்படி மேடையில் கிடந்தது. இன்றைக்கு ஈஸ்டர் விடுமுறை, கடை இல்லை, ஆபீஸ் இல்லை, ஓடி ஒளிய இடம் இல்லை. பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன்.

2019 பொங்கல். நான் இங்கே வந்து மூன்றாவது வருடம். அண்ணன் கல்யாணமாகி ஒரு வருடம், மஞ்சுவிரட்டை விட்டும் ஒரு வருடம். அவனுக்குப் போன் போட்டு, "ஒரே ஒரு தடவை, எனக்காக. பக்கத்துலேர்ந்து வீடியோ எடுக்கச் சொல்லு. திமிலக் கட்டுறப்ப உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றேன். அவன் சிரித்தான். "மூஞ்சியா? மூஞ்சி மாட்டு முதுகுல இருக்கும் புள்ள" என்றான். அப்புறம், "உங்க அண்ணிக்குத் தெரிய வேணாம்" என்றான்.

வீடியோ நாற்பத்தொரு நொடி. பத்தொன்பதாவது நொடியில் அவன் திமிலைக் கட்டியிருக்கிறான், கன்னம் மாட்டின் மேல் பதிந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது. அதைத்தான் வரைந்தேன். இருபத்துமூன்றாவது நொடியில் விழுகிறான் என்று சொன்னார்கள். கழுத்து எலும்பு முறிந்துவிட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கையைத் தூக்குவான், விரல் மடங்காது. ஆறு வருடமாகக் கட்டிலில் இருக்கிறான் அக்கா. திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டு, எல்லாம் அண்ணிதான்.

இருபத்துமூன்றாவது நொடியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பத்தொன்பதில் நிறுத்திவிடுவேன். ஆறு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது, ஒவ்வொரு தடவையும் பத்தொன்பதில் நிறுத்திவிடுவேன்.

ஊருக்கும் போகவில்லை. முதலில் கொரோனா, அப்புறம் ப்ராஜெக்ட், அப்புறம் விசா. காரணத்துக்கா பஞ்சம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அண்ணி போனை அவன் முகத்துக்கு நேரே பிடிப்பாள். கழுத்துக்குக் கீழே காட்டு என்று நான் கேட்டதில்லை, அவளும் காட்டியதில்லை. அவன் மட்டும் எல்லா வாரமும், "படம் எப்படி வந்துச்சு?" என்று கேட்பான். இன்னும் முடியலண்ணே என்பேன். முடிந்து சுவரில் மாட்டி, ஜெர்மன்காரர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அவனுக்குக் காட்டவில்லை.

நீங்கள் எர்லோஷ் என்று போட்டபோது எனக்கு வந்த கோபம் நீங்கள் தப்புப் பண்ணியதால் வந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அவன் எனக்காகத்தான் போனான் என்பது அண்ணிக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்தபின் நீங்கள் எனக்குப் பதில் போடாமல் விட்டாலும் புரிந்துகொள்வேன்.

பத்மா


ஸ்டுட்கார்ட்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள பத்மாவுக்கு,

என்னிடம் பாவமன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்றால் நான் அதற்கு ஆள் இல்லை. ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது. என் வேலையில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

விசாரணை முடிந்ததும் அதிகாரி எழுதின அத்தனை பக்கத்தையும் நான் அந்த ஆளுக்குத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தமிழில் சொன்னது ஜெர்மனில் போய், ஜெர்மனில் இருந்து திரும்பத் தமிழில் அவர் காதுக்கு வர வேண்டும். ஐந்து மணித்தியாலம் கதைத்துக் களைத்த ஆளாக இருந்தாலும் விடக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் முடிய, "இப்பிடித்தானோ சொன்னனீங்கள்?" என்று கேட்க வேண்டும். ஓம் என்றால் கையெழுத்து. இல்லையென்றால் திருத்தம். வாசித்துக் காட்டாத தாளுக்குப் பெறுமதி இல்லை.

சில பேர் அழுவார்கள். "வேண்டாம் அக்கா, சொன்னதே போதும், திரும்பக் கேக்க ஏலாது" என்பார்கள். நான் வாசித்துக்கொண்டே இருப்பேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது அவர்களுடைய கதை. அவர்களுக்குத் தெரியாமல் ஒருவரும் வைத்திருக்கக் கூடாது.

உங்கள் படத்தில் இருக்கிற ஆளுக்கு ஒருவரும் திருப்பி வாசித்துக் காட்டவில்லை. பீலிக்ஸ் கண்டார், நரைத்தலை அம்மா கண்டா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்டார்கள். நானும் படத்தையே காணாமல் அதற்குப் பெயர் வைத்தேன். சரி, பிழை எல்லாம் நாங்களே எங்களுக்குள் கதைத்து முடித்துவிட்டோம்.

போங்கோ. உங்கள் அண்ணனிடம் என்ன வார்த்தை சொல்வது என்று யோசித்துக்கொண்டு இருந்தால் இன்னும் ஆறு வருடம் போகும். வாசித்துக் காட்டுங்கோ, பிறகு கேளுங்கோ. அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

பிளோறன்ஸ்


கார்ல்ஸ்ரூஹே
16 ஜூன் 2025

அன்புள்ள பிளோறன்ஸ் அக்கா,

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வியாழக்கிழமை வந்தேன். சொன்னபடி செய்தேன். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும், வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

முதல் நாள் அவனைப் பார்த்ததும் தோளைத்தான் தேடினேன். படத்தில் அந்தத் தோளுக்காக நான் மூன்று மாதம் உழைத்திருக்கிறேன். அந்தத் தோள் இல்லை அக்கா. சட்டைக்குள் ஹேங்கர் மாதிரி எலும்பு. அவன்தான் முதலில் பேசினான். "என்ன, செர்மனில சோறு போடுறதில்லையா, இப்படி எளச்சுப் போயிருக்க" என்றான்.

இரண்டாம் நாள் டேப்லெட்டில் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "இதுதானா?" என்றான். அப்புறம் வீடியோவைக் கேட்டான். அவனும் அதைப் பார்த்ததே இல்லையாம், யாரும் அவனுக்குக் காட்டவில்லையாம். போட்டேன். பத்தொன்பது வந்ததும் பழக்கத்தில் என் விரல் நிறுத்தப் போனது. "நிறுத்தாத, ஓடட்டும்" என்றான்.

ஓடவிட்டேன். இருபத்துமூன்றில் அவன் கால் வழுக்குகிறது. மாடு அவனைக் குத்தவே இல்லை. அவன் விழுந்ததும் நாலு எட்டு ஓடி, நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறது. நாற்பத்தொன்றில் யாரோ "தண்ணி கொண்டாங்கடா" என்கிறார்கள், அதோடு முடிந்துவிடுகிறது. "பாத்தியா, குத்தல. நான்தான் விழுந்துருக்கேன்" என்றான். அது அவனுக்கு ஏதோ பெரிய நல்ல சேதி மாதிரி. இத்தனை வருடமும் மாடு குத்திவிட்டது என்றே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

அப்புறம் நீங்கள் சொன்ன மாதிரி தலைப்பை வாசித்தேன். முதலில் ஒரு அக்கா தப்பாகப் போட்டது இது, அப்புறம் திருத்தியது இது என்று இரண்டுக்கும் அர்த்தம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று எழுந்திருக்கப் போனேன்.

"மொதல்ல போட்டதுதான் சரி" என்றான்.

இல்லண்ணே, அது செத்துப் போனவங்களுக்குச் சொல்றது என்றேன். "தெரியுது. நாலு நொடி கட்டிப்பிடிச்சேன். அந்த நாலு நொடியிலயே என்னைய ஆறு வருசமா நிக்க வச்சிருக்க. நான் அங்க இல்ல புள்ள. இங்க படுத்துக் கெடக்கேன். அந்த அக்கா ஒருத்திதான் இங்க வந்து பாத்துருக்கு" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

நான் கேட்டதால்தானே போனாய் என்றேன். ஆமாம் என்றான். நான் கேட்காவிட்டால் போயிருக்க மாட்டாய்தானே என்றேன். "அது தெரியல. போயிருப்பேன்னு சொன்னா உனக்கு நல்லாருக்கும். தெரியல" என்றான்.

அண்ணி சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. தட்டை வைத்துவிட்டு, அவனுக்கு ஊட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனாள். அதற்கப்புறம் கிளம்புகிற நாள் வரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை. கார் வந்த பிறகுதான் சொன்னாள். "உங்களுக்காகப் போனாருன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, சத்தியத்த மீறிட்டீங்களேன்னு இந்த ஆறு வருசமும் அவரைத் திட்டிருக்க மாட்டேன். எவ்வளவு திட்டிருக்கேன் தெரியுமா. வாயைத் தெறக்கல மனுசன்."

அக்கா, நான் செய்ததில் பெரிய தப்பு மாட்டைப் பிடிக்கச் சொன்னதுதான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

வாசித்துக் காட்டினால் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதையும் அவனிடம் சொன்னேன். சிரித்தான், "வாங்கிக்க" என்றான். பேனா நிற்காது. ஸ்டாம்ப் பேடில் அவன் கட்டைவிரலை நான்தான் பிடித்து அமுக்கினேன். படத்தின் போட்டோவுக்குப் பின்னால் கைநாட்டு வைத்திருக்கிறான். இத்துடன் அனுப்புகிறேன். முதல் தலைப்பையே திரும்பப் போடச் சொல்லிப் பீலிக்ஸுக்கு எழுத வேண்டும். நீங்கள்தான் எழுத வேண்டும் என்பது அவன் சொன்னது.

பத்மா


ஸ்டுட்கார்ட்
30 ஜூன் 2025

அன்புள்ள பத்மாவுக்கு,

பீலிக்ஸுக்கு எழுதவில்லை. நேரே போனேன். சனிக்கிழமை ரயில் எடுத்துக் கார்ல்ஸ்ரூஹேக்கு வந்தேன். உங்களுக்கு அறிவிக்கவில்லை, குறை நினைக்க வேண்டாம். முதல் தரம் அந்தப் படத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் அண்ணனின் கைநாட்டைப் பீலிக்ஸிடம் காட்டினேன். ஒரு சொல்லுக்கு இரண்டு தரம் திருத்தம் கேட்ட மொழிபெயர்ப்பாளரை அவர் இதற்கு முதல் கண்டிருக்க மாட்டார். ஒன்றும் கேட்காமல் எர்லோஷ் என்பதைத் திரும்பப் போடச் சம்மதித்தார். மேலே உங்கள் தமிழும் இருக்கட்டும் என்று சொன்னேன். அண்ணன் அணைந்த மாடு என்று தமிழிலேயே எழுதுவார்கள், ந் போட்டு.

படத்துக்கு முன்னால் ஆட்கள் இருக்க ஒரு நீட்டு வாங்கு போட்டிருந்தார்கள், அதில் இருந்தேன். அந்தக் கன்னம் மாட்டின் மேல் கிடக்கிற மாதிரியைப் பார்த்துவிட்டு, படத்தை முதலே கண்டிருந்தால் நான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கவே மாட்டேன் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளை தோளில் நித்திரையான மாதிரி இருக்கிறார். நீங்கள் நல்லாகத்தான் வரைந்திருக்கிறீர்கள். அவருக்கு அது போதாமல் போனதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய ஏலாது. இனி ஊருக்குப் போகாமல் விடாதேங்கோ. உங்கள் அண்ணி கதைக்காவிட்டாலும் போங்கோ.

என்னுடைய படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பெரிதாகப் புத்தி சொல்லிவிட்டு நான் அதை லாச்சிக்குள்ளேயே வைத்திருப்பது வெட்கமாக இருந்தது. நேற்று ஞாயிறு, பூசை முடிந்து வந்து மேசையில் விரித்தேன். முன்னால் ஆள் இருக்கிற மாதிரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். எத்தனையோ பேருக்கு வாசித்த மாதிரியே மேலிருந்து கீழ் வரை உரத்து வாசித்தேன். பெயர், ஞானப்பிரகாசம். பிறந்த திகதி. தகப்பன் பெயர். கடைசியாகக் கண்ட இடம். அதற்குக் கீழே உள்ள பெட்டியையும் வாசித்தேன். காதுக்கு மெசின் போட மறந்துவிட்டேன், என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

வாசித்து முடிய, வாய் பழக்கத்தில், "இப்பிடித்தானோ அண்ணை?" என்று கேட்டுவிட்டேன்.

 பிறகு தேத்தண்ணி வைக்க எழும்பினேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பிளோறன்ஸ் அக்கா